முதல் முறை, தனியாக, வெளிநாட்டில் சைக்கிள் பயணம்: ஒரு பெண் எதிலிருந்து திட்டமிடத் தொடங்குவது?

கேட்டவருக்கு 23 வயது, தண்டையார்பேட்டை, வேலைக்குப் போகிறார். வியட்நாமா தாய்லாந்தா என்று குழம்பிக்கொண்டிருக்கிறார், வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். எனக்கு அது கடைசிக் கேள்வி.

நான் ராயபுரம். 2023 ஆகஸ்டில், 26 வயதில், இலங்கையில் நீர்கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை தனியாக ஓட்டினேன். சுமார் 370 கிலோமீட்டர், ஆறு நாள். அப்புறம் மூன்று நாள் யாழ்ப்பாணத்தைச் சுற்றினேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி 2018இல், 20 வயதில், 159 நாளில் 29,000 கிலோமீட்டர் ஓட்டி உலகத்தையே சுற்றி வந்தவர். அவர் கதையைச் சொல்லித்தான் நைனாவிடம் அனுமதி கேட்டேன். "அது அந்தப் பொண்ணு. நீ தண்ணி லாரியப் பாத்தா சைக்கிள தள்ளிக்கினு வர்றவ" என்றார். உண்மை என்பதால் பதில் பேச முடியவில்லை. வீட்டில் சாதனைப் பெண்களை உதாரணம் காட்டாதீர்கள், வேலைக்கு ஆகாது.

சரி, திட்டத்துக்கு வருவோம். நானும் முதலில் மேப்பை விரித்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் முடியும் என்றுதான் கணக்குப் போட்டேன். நாலு நாள் அதிலேயே போனது. பிறகுதான் உறைத்தது: எனக்கு இருந்த பயம் எதுவுமே காலை பத்து மணிக்கானது இல்லை. எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வருகிற பயம். அறை கிடைக்கவில்லை, கால் ஓய்ந்துவிட்டது, போனில் சார்ஜ் பத்து சதவீதம், இருட்டப் போகிறது. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். முதலில் எந்தெந்த ஊரில் தூங்குவது என்று மட்டும் எழுதினேன். குடும்பம் வீட்டோடு நடத்துகிற விடுதியா, பெண்கள் இருக்கிறார்களா, போன் அடித்தால் எடுக்கிறார்களா என்று பார்த்தேன். அந்த ஊர்களை இணைத்தபோது நாள் ஒன்றுக்கு 45 முதல் 80 கிலோமீட்டர் வந்தது. சுமையோடு மணிக்கு 14 கிலோமீட்டர் போனால் போதும். காலை ஆறுக்குக் கிளம்பினால் 60 கிலோமீட்டர் மதியத்துக்குள் முடிந்துவிடும். பஞ்சர் ஆகி, வழி தப்பி, வயிறு கெட்டாலும் நாலு மணிக்குள் போய்ச் சேரலாம். அங்கே ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

நாடு எது? முதல் தடவை இலங்கை போங்கள் என்பேன். வியட்நாமில் வண்டிகள் வலது பக்கம் ஓடும். பதறிப் போகிற நேரத்தில் நம் கை தானாக இடது பக்கம் திருப்பிவிடும். தாய்லாந்தில் இடது பக்கம்தான், சாலையும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், ஆனால் எழுத்தும் பேச்சும் புரியாது. முதல் பயணத்தில் சைக்கிள் ஒன்று மட்டும் கஷ்டமாக இருக்கட்டும். இலங்கையில் இடது பக்கம் ஓட்டலாம், வடக்கே போனால் தமிழிலேயே சண்டை கூடப் போடலாம். சிங்களம் பேசுகிற ஊர்களிலும் அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். தங்கச்சி மட்டும் நங்கி. தண்ணீருக்கு வதுர. இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன்.

விசா விதி அடிக்கடி மாறும். யார் எழுதியதையும் நம்பாமல், அந்நாட்டு அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள். அதே போலத் தோன்றுகிற, காசு கூடக் கேட்கிற தரகர் தளங்கள் நிறைய.

இப்போது காற்று. இதை எந்தப் பயண வீடியோவிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, காசிமேட்டில் படகு வைத்திருக்கும் பெரியப்பாதான் சொன்னார். நான் போட்ட முதல் திட்டம் யாழ்ப்பாணத்தில் இறங்கி தெற்கே கொழும்புக்கு ஓட்டுவது. அவர் மேப்பைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எந்த மாசம்?" என்றார். ஆடி கடைசி என்றேன். "கச்சான் அடிக்கிற நேரத்துல அத்த எதுத்துப் போவியா கண்ணு? கடலா இருந்தாலும் ரோடா இருந்தாலும் காத்து ஒண்ணுதான். முதுவுல வாங்கிக்கினு போ" என்றார். காசிமேட்டுக்காரர்களுக்கு மேற்கே இருந்து வருவது கச்சான், தெற்கே இருந்து வருவது சோழகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். மே முதல் செப்டம்பர் வரை இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று. அதில் தெற்கிலிருந்து வடக்கே போனால் பாதி வேலையைக் காற்று செய்யும். பிப்ரவரி என்றால் வடகிழக்குக் காற்று, அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கி வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கிலும் கிழக்கிலும் நம்மூர் போலவே மழை, புயல், வேண்டாம். சுமை கட்டிய சைக்கிளுக்கு எதிர்காற்று மேட்டை விட மோசம். மேடு ஏறினால் ஒரு இறக்கமாவது வரும்.

பெரியப்பா பேச்சைக் கேட்டுத் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு. இறங்கியதும் கொழும்பு நெரிசலுக்குள் போகவே தேவையில்லை. மாதா கோயில், படகுகள், கருவாட்டு வாசனை. முதல் நாள் வீட்டு ஞாபகம் வரவே இல்லை, வீட்டிலேயே இருப்பது போல இருந்தது.

சாலைக்குப் பயப்படாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டிப் பழகியவருக்கு, புத்தளம் சாலையின் தனியார் பஸ்கள் மட்டும்தான் தலைவலி. உரசிக்கொண்டு போவார்கள். அந்தச் சாலையில் ஹாரன் கேட்டால் ஓரத்து மண்ணுக்கு இறங்கிவிடுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

ஒத்திகை கட்டாயம். முதலில் இரண்டு பையிலும் ஐந்து ஐந்து கிலோ அரிசி போட்டு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வந்தேன். அது சைக்கிளுக்கான ஒத்திகை. அடுத்தது எனக்கான ஒத்திகை: தடா தாண்டி ஆந்திராவில் சூளூர்பேட்டை, சுமார் 80 கிலோமீட்டர், அங்கே தனியாக ஓர் இரவு. தெலுங்கு எனக்கு அரைகுறை. முதல் லாட்ஜில் "லேடீஸ் தனியா வந்தா ரூம் இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். வியர்த்து ஒழுகிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, நடுத்தெருவில் அழுதேன். பத்து நிமிடம் கழித்து ஒரு கடை அக்காவிடம் கேட்டு வேறு இடம் போனேன். அந்த அழுகையை ஊருக்குப் பக்கத்திலேயே அழுது முடித்தது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கும் அது எங்காவது வரும், கும்மிடிப்பூண்டி பக்கமாகவே வரட்டும்.

வீட்டில் அனுமதி வாங்கியதும் சூளூர்பேட்டைக்குப் பிறகுதான். போய்த் திரும்பி வந்து சொன்னேன், இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். எந்தத் தேதி எந்த ஊர், விடுதியின் போன் நம்பர், அங்கத்திய போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவி எண் 1938. எல்லாம் தமிழில், அம்மா படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். நைனா ஒரு வாரம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று படித்தார். ஒரு நாள் "கிளிநொச்சில ஒரு நம்பர்தான் எழுதிக்கிற, இன்னொண்ணு எழுது" என்றார். அதுதான் எங்கள் வீட்டில் சம்மதம். ஒரு ஒப்பந்தமும் போட்டோம்: லொகேஷன் பகல் முழுக்கத் தெரியும், நான் போன் செய்வது ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை மட்டும், இரவு எட்டு மணி வரை போன் வராவிட்டால் விடுதிக்கு அடிக்கலாம், அதற்கு முன் பதறக் கூடாது. இல்லாவிட்டால் நாள் முழுக்க போனுக்குப் பதில் சொல்லியே பேட்டரி தீர்ந்துவிடும்.

தொல்லை வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு தடவை. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் சாலையில், வில்பத்துக் காட்டுக்குப் பக்கமாக, ஒருவன் பைக்கில் மூன்று கிலோமீட்டர் கூடவே மெதுவாக வந்தான். எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெண் உட்கார்ந்திருந்த முதல் கடையில் நிறுத்தி, சோடா வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் போன பிறகும் அரை மணி நேரம் கிளம்பவில்லை. பெண் இருக்கும் கடையில்தான் நிறுத்துவது என்பதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன். யார் கேட்டாலும் "கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்" என்றுதான் பதில். அறைக் கதவுக்கு அடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு கொண்டு போனேன், இருபது ரூபாய் சமாச்சாரம், நிம்மதியான தூக்கம். அந்தச் சாலையில் மாலையில் யானையும் வரும். நாலு மணிக் கணக்கு அதற்கும் சேர்த்துத்தான்.

யாரும் எழுதாத இன்னொன்று: சிறுநீர். காலையில் ஆள் இல்லாத சாலையில் புதர் ஓரம் ஒதுங்கலாம் என்று நினைக்கத் தோன்றும். வவுனியாவுக்கு வடக்கே அது வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலையில் முகமாலை போன்ற இடங்களில் போர்க்காலக் கண்ணிவெடிகளை அகற்றும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் படாவிட்டாலும் தார்ச்சாலையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். கோயில், மாதா கோயில், பெட்ரோல் பங்க் (அங்கே 'பெற்றோல் செட்') மூன்றிலும் கழிவறை கேட்டேன், யாரும் மறுக்கவில்லை. மாதவிடாய் தேதியைப் பார்த்து ஓய்வு நாளை அங்கே வையுங்கள். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல் உரசி இரண்டாம் நாளே தோல் போய்விடும். தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவுங்கள். மேலே நீளமான டாப்ஸ் போதும். துப்பட்டா சக்கரத்தில் சிக்கும்.

ஆனையிறவில் காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது, இரண்டு பக்கமும் உப்பளமும் தண்ணீரும். பளையில் டீ குடிக்க நிறுத்தினேன், அங்கே அது தேத்தண்ணி. கடை ஐயா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை?" என்றார். அவரிடம் மட்டும் பொய் சொல்ல வரவில்லை, ஓம் என்றேன். "சோளகம் இருக்கு, பின்னேரத்துக்கு முதல் யாழ்ப்பாணம் போயிடுவியள்" என்றார். பெரியப்பாவின் சொல், ஒரு எழுத்து மட்டும் மாறி.

கடைசியாகச் சைக்கிள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் ஓட்டப் பழகியவள் நான். இலங்கைக்குக் கொண்டு போனது 16,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஹைபிரிட், பின்னால் இரும்புக் கேரியர், இரண்டு பை, மொத்தச் சுமை ஒன்பது கிலோ. அதற்கு மேல் தேவைப்படவில்லை. இரண்டு டியூப், பஞ்சர் கிட், பம்ப், ஆலன் கீ, பிரேக் கட்டை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு சைக்கிள். 'துவிச்சக்கர வண்டி திருத்துமிடம்' என்று பலகை போட்டிருக்கும்.

விமானத்துக்குப் பேக் செய்ய, புது சைக்கிள் வருகிற அட்டைப் பெட்டியைக் கடையில் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். பெடலைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். அது தெரியாமல் அரை மணி நேரம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன், கடைசியில் கடைப் பையன் சிரித்துக்கொண்டே வந்து கழற்றிக் கொடுத்தான். வீட்டில் இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். பெட்டியின் அளவு, எடை, கட்டணம் பற்றி விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து வையுங்கள். கவுன்டரில் இருந்தவருக்கு விதி தெரியவில்லை, அந்தத் தாள்தான் காப்பாற்றியது. ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை குட்டியானையில் போனேன், நைனா பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். திரும்பும்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் பெட்டியைப் போட்டேன். டிக்கெட், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்குள் முடிந்தது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் ஓட்டி விழுந்தால் செல்லுமா என்று படித்துப் பாருங்கள்.

நீங்கள் எந்த மாதம் என்று எழுதவில்லை. எழுதுங்கள், பெரியப்பாவிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்கிறேன்.