பையன் தீயணைப்புத் துறைக்குப் போகணும்னா இப்ப என்ன செய்யலாம்?

அண்ணே, பதினொன்றாவது படிக்கிற பையன் தீயணைப்பு வீரர் ஆகணும்னு உறுதியா நிக்கிறான், இப்பவே கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டலாமானு கேட்டிருக்கீங்க. இப்ப கட்ட வேண்டாம்.

முதல்ல உயரத்தை அளந்து பாருங்க. பொதுவா 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கு 167. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர்னு மூணுக்கும் சேர்த்துத்தான் தேர்வு வைக்குது. பத்தாவது பாஸ் போதும், ஆனா 18 வயசு நிறையணும். அதனால அவனுக்கு நேரம் இருக்கு.

1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். தினமும் காலையில மைதானத்துக்குப் போனா அது தானா வந்துடும். நிறையப் பசங்க தடுமாறுறது கயிறு ஏறுறதுலதான். கை பலத்தை மட்டும் நம்பினா பாதியிலேயே தோள் விட்டுடும். கயிற்றை ரெண்டு பாதத்துக்கும் நடுவுல இறுக்கி, காலால உந்தி ஏறப் பழகட்டும். இறங்கும்போது சர்ருனு வழுக்கக் கூடாது, உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ஒரு வாரப் பயிற்சி போயிடும். கை மாத்தி மாத்தி இறங்கணும்.

தமிழ்த் தகுதித் தேர்வுல 80-க்கு 32 எடுக்காட்டி மத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டாங்க. பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் பழைய கடையில போட்டுடாதீங்க அண்ணே.