தோட்டாப் பெட்டியில் இல்லாத கணக்கு

வாசகர் கேள்விகள். இந்த மாதம் மலைக்காட்டு வேட்டை பற்றி. பதில் சொல்பவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபத்தாறு வருடமாக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கிராண்ட் ஜங்ஷனில் டீசல் மெக்கானிக்.

கேள்வி: முதல் தடவையாக எல்க் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறேன். துப்பாக்கி 6.5 கிரீட்மூர். கடையில் 'மேட்ச்' என்று போட்ட தோட்டாவை (குண்டின் எடை 140 கிரெய்ன்) கொடுத்து, 600 கஜத்திலும் குறி தப்பாது என்றார்கள். மிருகத்தை வதைக்காமல் ஒரே சூட்டில் முடிக்க இது சரிப்படுமா?
- வாசகர், அரோரா, கொலராடோ

பதில்: அந்தப் பெட்டியைக் காகிதம் சுட வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. காட்டுக்கு வேண்டாம். மேட்ச் என்றால் குறிசுடும் போட்டிக்குச் செய்தது. அந்தக் குண்டின் மூக்கில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போனதும் விரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈயத்தைச் சுற்றிய செம்பு உறையை நுனியில் குவிக்கும்போது மிஞ்சுகிற துளை அது, விரிவதற்காக வைத்ததல்ல. சில நேரம் ஊசி போட்ட மாதிரி மறுபக்கம் போய்விடும், சில நேரம் உள்ளே நொறுங்கும். எது நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கொலராடோ சட்டமும் விரியும் குண்டுதான் வேண்டும் என்கிறது. எல்க்குக்கு என்றால் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டம், 85 கிரெய்ன் எடை, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், அதாவது குண்டு தாக்கும் வலு. உங்கள் கிரீட்மூர் இதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் எல்க், நம்மூர் மிளாவுக்கு அண்ணன். வளர்ந்த கொம்பன் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். சட்டம் கேட்கிற அளவோடு நிறுத்திக்கொண்டால் அது படுக்காது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம். மான்மேல் படும்போது அதில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் நமக்கு வேண்டும். உங்கள் துப்பாக்கிக்கு வரும் 143 கிரெய்ன் வேட்டைக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது விநாடிக்கு 2700 அடி. 300 கஜத்தில் சுமார் 2285, 500-ல் சுமார் 2030. ஆற்றல் 300 கஜத்தில் 1650 அடி-பவுண்டு, 500-ல் 1300. எல்க்குக்கு 1500 வேண்டும் என்பது இங்கே பழைய வேட்டைக்காரர்களின் கைக்கணக்கு. ஆய்வுக்கூடத்தில் நிரூபித்த எண் அல்ல, ஆனாலும் நான் அதை மதிக்கிறேன். அந்தக் கணக்குப்படி உங்கள் எல்லை 400 கஜத்துக்குக் கொஞ்சம் முன்பே முடிகிறது. 9000 அடி உயரத்தில் காற்று மெலிது, வேகம் கொஞ்சம் கூடுதலாகவே மிஞ்சும். அந்தக் கூடுதலைச் செலவு செய்யாதீர்கள்.

ஆற்றலை விட என்னைப் பயமுறுத்துவது பக்கக் காற்று. மணிக்கு 10 மைல் காற்று இதே குண்டை 300 கஜத்தில் 5 அங்குலம் தள்ளும். 500-ல் 15, 600-ல் 22. எல்க்கின் நெஞ்சறை ஏறக்குறைய 15 அங்குல வட்டம். நடுவில் குறி வைத்தால் இரண்டு பக்கமும் ஏழரை அங்குலம்தான் இடம். 500 கஜத்தில் காற்றை வெறும் 5 மைல் தப்பாக எடை போட்டால் குண்டு விலகுவதும் சரியாக ஏழரை. நம்மூர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? போதாக்குறைக்கு, 600 கஜம் போய்ச் சேரக் குண்டுக்கு முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் நுரையீரல் இருந்த இடத்தில் இரைப்பை இருக்கும். இரைப்பையில் அடிபட்ட மிருகம் மணிக்கணக்கில் சாகும்.

தூரத்தை மட்டும் யோசித்துத் தோட்டா வாங்கியவன் கதையும் ஒன்று உண்டு. அவன் நான்தான். 2011 அக்டோபர், கிராண்ட் மேசா மலை. 300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கி. நெடுந்தூரத்துக்கென்றே செய்த, உறை மெல்லிய, வேகக் குண்டு. புல்வெளிக்கு எதிரே 400 கஜக் கணக்கை மனப்பாடம் செய்தபடி உட்கார்ந்திருந்தேன். கொம்பன் வந்தது பின்பக்கம், ஸ்புரூஸ் மரங்களுக்குள்ளிருந்து, 40 கஜத்தில். திரும்பி, தோள்மேல் சுட்டேன். விழவில்லை. பனியில் ரத்தத்தைத் தேடி இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் கூடி இடத்தைக் காட்டிக்கொடுத்தன. தோலுக்கடியில் கையளவு பள்ளம், தோளெலும்பின் மேலேயே குண்டு தூளாகியிருந்தது. நெஞ்சுக்குள் போனது சில சில்லுகள்தான். கறி கெட்டுப்போயிருந்தது. என் சீட்டை அதன் கொம்பில் கட்டினேன். அந்த வருட வேட்டை அதோடு சரி.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1946-ல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனார். மூஸின் உடம்பில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அவருடைய வேகக் குண்டுகள் மேலேயே சிதறின, உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பி, குண்டுக்கு நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி எடை குறையாமல் துளைத்துக்கொண்டு போகும். 'பார்ட்டிஷன்' என்ற அந்தக் குண்டு இன்றும் கடையில் கிடைக்கிறது.

ஆகவே 40 கஜத்தில் சிதறாத, உங்கள் கடைசி எல்லையிலும் விரிகிற குண்டைத் தேடுங்கள். 140 கிரெய்னை ஒட்டிய எடையில், தடுப்புச் சுவர் வைத்ததோ, ஈயத்தை உறையோடு பற்றவைத்ததோ வாங்குங்கள். குறைந்தபட்சம் எந்த வேகத்தில் விரியும் என்று தயாரிப்பாளர் சொல்வார். பெரும்பாலானவை 1800 அடிக்கு அருகில். ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானதில், நாலைந்து பெட்டியாக எடுத்துவிடுங்கள். லாட் மாறினால் குறியும் நகரலாம்.

பிறகு மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுவதை நிறுத்துங்கள். முதுகுப் பையை முட்டுக் கொடுத்து, மூச்சு வாங்க மேடேறி வந்து, சாப்பாட்டுக் காகிதத் தட்டைச் சுடுங்கள். குழல் குளிர்ந்திருக்கும்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு சூடு, அதுதான் கணக்கு. பத்து நாளில் பத்தும் தட்டில் விழுகிற தூரம் உங்கள் தூரம். 250 கஜம் என்று வந்தால் 250தான். கடைக்காரர் சொன்ன 600-ஐ அவரிடமே விட்டுவிடுங்கள். எனக்கு முப்பது-ஆறு (.30-06) துப்பாக்கியில் 350. அதற்கு மேல் நின்றால் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், அல்லது தவழ்ந்து கிட்டே போவேன். தவழ்வதுதான் வேட்டை என்பது என் கட்சி.

கேள்வி: கொல்வதையும் கொன்றுவிட்டு அதில் நியாயம் பேசுவதா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கோபம் புரிகிறது அம்மா. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் இங்கே எழுதுவது எதுவும் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது. இங்கே நிலைமை வேறு. நூறாண்டுக்கு முன் கொலராடோவில் எல்க் அழியும் நிலையில் இருந்தது, வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே பெரிய எல்க் கூட்டம் இங்கேதான். தோட்டாவுக்குத் தயாரிப்பாளர் விலையில் 11 சதவீத வரி, 1937 சட்டப்படி, வனவிலங்குப் பராமரிப்புக்கு மாநிலங்களுக்குப் போகிறது. இதைச் சொல்வதால் நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றில்லை. என் மனைவிக்கே பத்து வருடம் பிடித்தது.

கேள்வி: ஈயக் குண்டு பட்ட கறியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? செம்புக் குண்டு நல்லதா?
- வாசகர், சால்ட் லேக் சிட்டி

பதில்: ஈயம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் காயத்தைச் சுற்றி, கை சாண் தூரம் தாண்டியும் தூவும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் முழுச் செம்புக்கு மாறுங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. மிச்சக் கறியைத் தின்னும் காண்டர் கழுகுகள் சாகின்றன என்பதால் வந்த சட்டம் அது.

பேரன் கறி தின்ன ஆரம்பித்த வருடம் நான் மாறினேன். செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளும். அதனால் ஒரு படி குறைந்த எடை போதும்: 180 கிரெய்ன் போட்டவன் இப்போது 165. எலும்பில் பட்டாலும் சிதறுவதில்லை. ஆனால் வேகம் குறைந்தால் விரிய அடம்பிடிக்கும். 2000 அடிக்குக் கீழே நான் அதை நம்புவதில்லை. தூரம் சுருங்கும், சுருங்கட்டும்.

பழைய ஈயத் தோட்டாவில் அடித்த கறி ஃப்ரீசரில் இருந்தால், காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்த ஓரத்தைக் கொத்துக்கறிக்குப் போடாதீர்கள். மற்றபடி எல்க் கறியில் கொழுப்பே கிடையாது. ஆட்டுக்கறி மாதிரி வதக்கினால் செருப்பாகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக, மிளகு தூக்கலாக, குக்கரில் ஏழு விசில்.