நூலகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் புவித்தகவல் துறையில் முதுகலை படிக்கிறேன். சென்னையின் பொது நூலகக் கிளைகளை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். பழைய நகரப் பகுதியில் பல வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அங்கே சில கிளைகளை இணைத்துவிட்டுப் புறநகருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கலாமா? கைபேசி இருப்பிடத் தரவை விலைக்கு வாங்கினால், எந்தக் கிளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்திருக்கும் வேலை இந்நகருக்கு மிகவும் தேவையானது. ஆனால் இந்த வட்டங்களை மட்டும் நம்பி எந்தக் கிளையையும் இணைக்கச் சொல்லிவிடாதீர்கள். வட்டம் நூலகத்திலிருந்து போடப்படுகிறது. நடந்து வருபவரோ வாசகர். கணக்கு அவருடைய வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

1 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கி.மீ. எல்லாத் தெருக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, நெருக்கமாக, தடையே இல்லாமல் அமைந்திருக்கும் ஒரு நகரத்தில்கூட, மூலைக்கு மூலை நேராக வெட்டிப் போக முடியாது என்பதால், 1 கி.மீ. நடையில் நூலகத்தை அடையக்கூடியவர்கள் வசிக்கும் பரப்பு 2 சதுர கி.மீ.தான். ஆறும் ரயில் பாதையும் குறுக்கே வருவதற்கு முன்பே உங்கள் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடுகிறது. சென்னையிலோ அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், புறநகர் ரயில் தடங்கள் என்று தடைகளுக்குக் குறைவில்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து வருபவர், வரைபடத்தில் எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும், பாலத்தைத் தேடிப் போய்த்தான் இக்கரைக்கு வர முடியும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தால் அந்த நேரத்துக்கு வழியே கிடையாது. பழைய மாமல்லபுரம் சாலையின் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் நூலகமும் இருந்தால், ஆறு வழிச்சாலையைத் தனியாகக் கடக்கப் பத்து வயதுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தெரு வலையை எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நடைவழித் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வட்டங்களில் பல பிரிந்து நிற்பதையும், நடுவே யாருக்கும் எட்டாத தெருக்கள் கிடப்பதையும் காண்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

தூரத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போதே, நூலகம் அமைந்திருக்கும் இடத்தையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் அடுத்தடுத்து எடுத்துப் பேசுகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும், ஏழு மணிக்கு வேலை முடிந்து பேருந்து ஏறும் பெண்ணுக்கும், அந்த நேரத்தில் பூட்டியிருக்கும் கிளை அடுத்த தெருவிலேயே இருந்தாலும் இல்லாததற்குச் சமம். உங்கள் அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு அடுத்த பத்தியாகத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருக்கட்டும். காலை, மாலை, ஞாயிறு என்று தனித்தனி வரைபடம் போடுங்கள். முழுநேரக் கிளையையும் பகுதிநேர நூலகத்தையும் ஒரே புள்ளியாகக் குறிப்பது பெரிய பிழை.

எந்த ஆண்டின் மக்கள்தொகையை வரைபடத்துக்கு அடியில் விரிக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது. மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்து, 155 வார்டுகள் 200 ஆனது அதே ஆண்டின் பிற்பகுதியில். இரண்டையும் அப்படியே பொருத்தினால் கணக்கு தப்பும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய்விட்டதால், இடைப்பட்ட காலத்தில் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் அந்த அட்டவணைகளில் இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கிறார்கள். பெரும்பாக்கத்தை எண்ணிப் பாருங்கள். நகரின் நடுவே ஆற்றங்கரைகளில் குடியிருந்தவர்களை, மாநகராட்சி எல்லைக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்த இடம் அது. மாநகராட்சி எல்லையோடு வரைபடத்தைக் கத்தரித்தால் அம்மக்கள் மொத்தமாகக் காணாமல் போய்விடுவார்கள். நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே விட்டுவிட்டு வரைபடம் போட்டு என்ன பயன்? எல்லைக்கு வெளியே சில கிலோமீட்டர் வரை தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசித் தரவை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நெருக்கமான கட்டிடங்களுக்கு நடுவே கைபேசி காட்டும் இடம் சில பத்து மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். மாடியில் நூலகமும் கீழே கடையும் இருந்தால் யார் எங்கே போனார் என்று அது சொல்லாது. கைபேசி இல்லாத பிள்ளைகளும், சாதாரண போன் வைத்திருக்கும் முதியவர்களும் அதில் வரவே மாட்டார்கள். கிளை நூலகத்தை மிகுதியாக நம்பியிருப்பவர்கள் அவர்களே. இதற்கெல்லாம் மேலாக, ஒருவர் எந்த நூலகத்துக்கு எப்போது போகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அதை அவர் அறியாமல் விலைக்கு வாங்கி நூலகத்துக்கு நன்மை செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

நூல் இரவல் பதிவுகளிலும் ஒரு குறை உண்டு. ஏதாவது ஒரு கிளைக்குக் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே நாளிதழை நான்காகப் பிரித்துப் பக்கம் பக்கமாகக் கைமாற்றிக்கொள்ளும் பெரியவர்கள் இருப்பார்கள். சுவரோர மேசையில், சொந்தப் புத்தகங்களையும் குறிப்பேட்டையும் பரப்பிக்கொண்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஒரு நூலையும் எடுத்துப் போவதில்லை. வீட்டில் படிக்க இடம் இல்லாததால் வருகிறார்கள். இவர்கள் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு வாசலருகே மேசைமேல்தான் கிடக்கிறது. அனுமதி பெற்று, ஒரு வாரம் மட்டும், பெயரோ கதவிலக்கமோ கேட்காமல், எந்தத் தெருவிலிருந்து எப்படி வந்தீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவிலிருந்து ஓரிருவர் மட்டுமே வந்திருந்தால் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள். யாரையும் அடையாளம் காண இடம் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு அது போதும்.

இணைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டம் குறைந்த கிளையைக் கண்டால் மூடிவிடலாம் என்று தோன்றும். அங்கே நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, புது நூல்கள் வந்தனவா என்று பார்த்த பிறகே தூரத்தின்மேல் காரணத்தைப் போட வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ், நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. நகரம் வளர வளர அந்த வருவாயும் வளர வேண்டியதே. அப்படியிருக்கப் பழைய நகரின் கிளையைப் பிடுங்கித்தான் புறநகருக்கு நட வேண்டும் என்ற நிலையை நீங்களாக ஏற்றுக்கொண்டு பரிந்துரை எழுத வேண்டியதில்லை.

முதலில் நடைவழி வரைபடத்தை அச்செடுத்துச் சில கிளை நூலகர்களிடம் காட்டுங்கள். எந்தச் சந்து மழைக்காலத்தில் அடைபடும், எந்தக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வருவதில்லை என்று அவர்கள் பென்சிலால் குறித்துக் கொடுப்பார்கள். அந்தத் திருத்தங்களையும் சேர்த்து, கிளைகளின் இடமும் நேரமும் கொண்ட அட்டவணையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் போட்டுவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் இத்தளத்திலேயே வெளியிடுகிறேன்.