தென் அமெரிக்காவின் இன்கா பேரரசு பிடித்த ஊர்களில் உள்ளூர் மண்பாண்டக் கலை அழிந்துபோனதா?

அழியவில்லை. இன்காக்கள் போன இடமெல்லாம் உள்ளூர்க் கலையைத் துடைத்துப் போட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் பானைகள் சொல்வது வேறு. அரசு கேட்டது வடிவத்தைத்தான். மண்ணும் சூளையும் கைப்பழக்கமும் பல இடங்களில் உள்ளூர்க் குயவருடையதாகவே இருந்தன.

அந்த வடிவங்களில் முக்கியமானது, இன்று அரிபாலோ எனப்படும் பெரிய ஜாடி. கூரான அடி, நீண்ட கழுத்து, விரிந்த வாய், வயிற்றுக்குக் கீழே இரண்டு காது, தோள் பக்கம் மிருகத் தலை போல ஒரு சின்னக் குமிழ். காதுகளில் கயிற்றைக் கோத்துக் குமிழில் மாட்டினால் முதுகில் சுமந்துகொண்டு போகலாம். உள்ளே இருப்பது சிச்சா, அதாவது மக்காச்சோளக் கள். அரசு வேலைக்கு ஆள் திரட்டினால் சோறும் சிச்சாவும் போட்டே ஆகவேண்டும், அதனால் இந்த ஜாடி ஊர் ஊராகத் தேவைப்பட்டது.

இப்போது பெருவின் வடகடற்கரைக்கு வாருங்கள். 1470 வாக்கில் சிமு அரசு இன்காவிடம் வீழ்ந்தது. சிமு குயவர்கள் அச்சில் வார்த்து, சூளையில் காற்றை அடைத்துப் புகையேற்றிப் பளபளவென்று கறுப்புப் பாண்டம் செய்பவர்கள். இன்காவின் தலைநகரமான குஸ்கோவில் அரிபாலோ சிவந்த மண்ணில், வண்ணக் கோலத்தோடு இருக்கும். இவர்களோ அதையே கன்னங்கரேலென்று சுட்டுக் கொடுத்தார்கள்! எனக்கு மிகவும் பிடித்த இன்காக் கால ஜாடிகள் இவைதான். லெச்சே பள்ளத்தாக்கின் லா வின்யாவில் அரசுக்காக வேலை செய்த குயவர்களும், உள்ளே கல்லைப் பிடித்து வெளியே கட்டையால் தட்டும் ஊர் முறையில்தான் இன்கா ஜாடிகளைச் செய்திருக்கிறார்கள். அதே வட்டாரத்து மொர்ரோப்பேயில் இன்றைக்கும் அப்படித் தட்டித்தான் பானை செய்கிறார்கள், சக்கரம் கிடையாது.

அதற்காக எல்லாம் சுமுகம் என்று சொல்ல வரவில்லை. திட்டிகாக்கா ஏரிப் பக்கம் மில்லிராயாவில் இன்கா மன்னர் வைனா கபாக் நெசவாளர்களையும் குயவர்களையும் கொண்டுபோய்க் குடியேற்றினார். அவர்களுக்கு அது சொந்த ஊரில்லை.

அப்புறம் தெற்கே இக்கா பள்ளத்தாக்கு. இன்காக் காலத்தில் அங்குள்ள பெரிய குடும்பங்களின் கல்லறைகளில் இன்கா பாணி புகுந்துவிட்டது. 1530-களில் பேரரசு சரிந்ததும் இக்கா குயவர்கள் அதை ஓரங்கட்டிவிட்டு, இன்காவுக்கு முந்தைய தங்கள் பழைய பாணிகளையே பார்த்துப் பார்த்து மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள்.