வாசகர் கேள்வி: எல்லா வாயிலும் ஒரே குரல்

கேள்வி: புதுச்சேரியில் நடக்கும் குடும்பப் படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். மீனவர் வீடு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு, காது கேளாத தங்கை எல்லாம் உண்டு. ஆனாலும் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஏன்?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பாத்திரத்துக்கு ஒரு நிறமாக வசனத்தில் கோடு போடுங்கள். தங்கையின் நிறம், யாராவது அவளைப் பார்த்துப் பரிதாபப்படும் காட்சியில் மட்டும் வந்தால் கோளாறு அங்கேதான். அவளுக்கென்று ஓர் ஆசை, ஒரு பொய், ஒரு சண்டை எழுதுங்கள். காது கேளாத நடிகையையே தேடுங்கள். சைகையில் பேசும்போது க்ளோசப் வேண்டாம். கை வெட்டுப்பட்டால் பாதி வசனம் போச்சு. இடுப்புக்கு மேல் ஃப்ரேம் வையுங்கள். சப்டைட்டில் கையை மறைக்காதபடி கீழே இடம் விடுங்கள்.

மீனவர் வீட்டில் ஆண் குடிப்பது, பெண் அழுவது... போதும்! ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்று, கடன் கணக்கை மனசில் வைத்திருப்பவள் அந்த வீட்டுப் பெண். மே மாதக் காட்சியில் விசைப்படகைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் படமெடுத்தாலும் இதேதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்ததால் நிலைத்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. கதை அங்கே இருக்க, நீங்கள் பிரெஞ்சில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் மட்டும் சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

மீனவப் பெண் வேடத்துக்காகச் சிவப்பான நடிகைக்குக் கறுப்பு மேக்கப் பூசவும் வேண்டாம். வெயிலில் கழுத்தோரம் காட்டிக்கொடுத்துவிடும்.