ரோமானியர் காலச் சின்னங்கள் புதைந்த நிலத்தில் கோல்ஃப் மைதானம் கட்ட முடியுமா?

பிரிட்டனில் பெரும்பாலும் முடியும். அடுக்குமாடிக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் கோல்ஃப் மைதானம் வளைந்து கொடுக்கும். ஒரு குழியை முப்பது மீட்டர் தள்ளி வைத்தால் ஆட்டம் கெட்டுப் போகாது.

தொல்சின்னங்களுக்கான சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடம் என்றால், அரசின் தனி அனுமதி இல்லாமல் மண்வெட்டியே வைக்கக் கூடாது. மற்ற இடங்களில், திட்ட அனுமதிக்கு முன்பே மண்ணின் காந்தத்தன்மையைக் காட்டும் காந்தமானியால் நிலத்தை அளப்பார்கள். தூர்ந்துபோன அகழியும் பழைய அடுப்பும் அதில் தனியாகத் தெரியும். அப்புறம் சில சோதனைக் குழிகள்.

சுவர் இருப்பது உறுதியானால், தோண்டாமல் விடுவதே முதல் தேர்வு. மேலே துணிவிரிப்பு போட்டு, வெளியிலிருந்து மண் கொட்டி உயர்த்திப் புல் வளர்க்கலாம். புல் பிரச்சினையே இல்லை. மணற்பள்ளம், வடிகால், தெளிப்பான் குழாய், மரவேர் இவைதான் வில்லன்கள். குழாய்க்கான ஒரு குறுகிய பள்ளம் போதும், மொசைக் தரை இரண்டாகிவிடும்.

வேறு வழியே இல்லையென்றால் முறையாக அகழ்ந்து பதிவு செய்ய வேண்டும். செலவு பொதுவாகக் கட்டுபவருடையது.

வேல்ஸில், ரோமானியப் படைக்கோட்டை இருந்த கேர்லியனுக்கு அருகே உள்ள செல்டிக் மேனர் என்ற கோல்ஃப் விடுதி, 1995இல் திறந்த மைதானத்துக்கு 'ரோமன் ரோடு' என்றே பெயர் வைத்தது. வரலாறு விளம்பரத்துக்கும் உதவும்!