உனக்குத் தெரியும்தானே

வணக்கம் அன்ரி,

உங்கட எழுத்தை ரெண்டு மூண்டு வருஷமா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம். நான் வெள்ளவத்தையில இருக்கிறன், வயசு 33, மகளுக்கு மூண்டரை. போன செவ்வாய்க்கிழமை நாள் தள்ளிப் போச்செண்டு ஃபார்மசியில ஸ்ட்ரிப் வாங்கிப் பாத்தன், ரெண்டு கோடு. முதல் தரம் அந்த ரெண்டு கோட்டைக் கண்டோடன பாத்ரூமுக்குள்ளயே நிண்டு அழுதனான். இந்த முறை பல்லுத் தீட்டிப்போட்டு மகளுக்குச் சாப்பாடு கட்டப் போயிட்டன். இவர் "அப்பிடியோ, நல்லது" எண்டு சொல்லிட்டு லப்டொப்பைத் திறந்தார். கனடாவில இருக்கிற மாமி, மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாத, நாவூறு பட்டிடும் எண்டுறா. அம்மா "இதாவது பொடியனா இருக்கட்டும்" எண்டுறா. மகளுக்கு எப்ப, எப்பிடிச் சொல்லலாம் அன்ரி? ஒஃபிஸில எப்ப சொல்லுறது? எனக்குச் சந்தோஷம் வராதது பிழையோ? ஆரிட்டயும் ஏதும் கேட்டா "உனக்குத் தெரியும்தானே, ரெண்டாவதுதானே" எண்டிட்டுப் போகினம். முதலாவது சிசேரியன்.

வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளை,

ஞாயிறு இரவு உம்மட கடிதம் வந்தது. நான் கடிதங்களை ஒரு கிழமை வச்சிருந்துதான் பதில் எழுதுறனான், இதுக்கு அடுத்த நாள் விடியவே மேசையில இருந்திட்டன். நீர் போற போக்கில எழுதின அந்த "உனக்குத் தெரியும்தானே" தான் காரணம். அந்தச் சொல்லை நான் 1996ல இருந்து மனசுக்குள்ள வச்சுக்கொண்டிருக்கிறன், ஒரு நாள் எழுதோணும் எழுதோணும் எண்டு.

முதல்ல மற்றதுகளை முடிச்சிடுவம். அழுகை வராதது பிழையே இல்லை. காலமை ஏழு மணிக்கு வான் வந்து நிக்கும், பிள்ளை சொக்ஸ் போடமாட்டன் எண்டு கத்தும், அந்த நேரத்தில ஆர் நிண்டு அழுறது. சந்தோஷம் பிந்தி வரும். எனக்கு 101 பஸ்ஸில பம்பலப்பிட்டிக் கிட்ட போகேக்க சும்மா இருந்தாப்போல வந்தது. ஒஃபிஸுக்கு நீர் விரும்பின நேரம் சொல்லும், ரெண்டாவதுக்கும் அதே 84 நாள் லீவு சட்டத்தில இருக்கு. பொடியனோ பெட்டையோ எண்டது கரு தங்கின அண்டைக்கே முடிஞ்ச விசயம், அதுவும் தீர்மானிச்சது உம்மட இவற்ற பக்கத்தால, இனி எந்தக் கோயிலுக்கு நேத்தி வச்சாலும் மாறாது, அம்மாட்ட நான் சொன்னனெண்டே சொல்லும். இவருக்கும் ஒண்டு சொல்லும், லப்டொப் எங்கயும் ஓடாது, பெஞ்சாதி வந்து இப்பிடி ஒரு விசயம் சொன்னா கையைப் பிடிச்சுப் பத்து நிமிஷம் பக்கத்தில இருக்கோணும். இருந்து கதைக்கத் தெரியாட்டிச் சும்மாவெண்டாலும் இருக்கட்டும்.

மாமி சொல்லுறது முழுக்கப் பிழையெண்டு நான் சொல்லமாட்டன். தங்கிற கருவில நூறுக்குப் பத்துப் பதினைஞ்சு கலைஞ்சு போகும், அதில கனக்க முதல் 12 கிழமைக்குள்ளதான். அது எங்கட பழைய ஆக்களுக்குக் கண்ணால கண்ட விசயம், அதுக்கு அவை வச்ச பேர் நாவூறு. ஊருக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை. ஆனா ஒருத்தருக்குமே சொல்லாத எண்டுற இடத்தில எனக்குக் கோவம் வரும். ஏன் வருதெண்டு சொல்லுறன்.

1996ல நாங்கள் உம்மட பக்கம்தான், காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு லேனில, மேல்மாடி அனெக்ஸ். மூத்தவனுக்கு ரெண்டரை வயசு. ஜூலையில தெஹிவளையில ரயிலுக்குக் குண்டு வச்சவை, அதுக்குப் பிறகு தமிழாக்களின்ர வீடெண்டா ராவில செக்கிங், பொலிஸ் பதிவு இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள், இவர் புறக்கோட்டையில வேலை, பின்னேரம் ஆறு மணிக்கு வரவேண்டிய மனிசன் ஏழு மணியாகியும் வராட்டி நான் பல்கனியில நிண்டு லேனையே பாத்துக்கொண்டு நிப்பன். அந்த ஓகஸ்டில எனக்கு ரெண்டாவது தங்கினது. என்ர மாமியும் உம்மட மாமி மாதிரித்தான், மூண்டு மாசம் வாய் திறக்காத எண்டவ. நானும் திறக்கேல்லை. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதினன், அதிலயும் எழுதேல்லை.

வெளியாக்களில தெரிஞ்சது ஒரேயொருத்தருக்கு. மிட்வைஃப் மிஸ், வீட்டுக்கு வந்து பாக்கிற மருத்துவிச்சி. சிங்கள மனிசி, ஐம்பது வயசிருக்கும், வெள்ளை உடுப்பும் கறுப்புக் குடையும். மூத்தவனை நிறுக்க வந்தவ, கார்ட்டில எழுதிக்கொண்டே என்ர முகத்தைப் பாத்திட்டு, தனக்குத் தெரிஞ்ச உடைஞ்ச தமிழில "அம்மா, பேபி இருக்கா?" எண்டு கேட்டவ. பொய் சொல்ல வாய் வரேல்லை. அந்த இடத்திலயே பாக்கில இருந்து கர்ப்பவதி அட்டையை எடுத்துப் பதிஞ்சு, இரத்த வகை என்னெண்டு கேட்டா. ஓ நெகட்டிவ் எண்டன். சிவப்புப் பேனையால ரெண்டு கோடு கீறினவ. அதை நான் அப்ப பெரிசா எடுக்கேல்லை.

ஒம்பதாம் கிழமை இரத்தம் பட்டுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, த்ரீவீலில போறதுக்குள்ள மூண்டு இடத்தில மறிச்சு ஐடென்டிட்டி காட் பாத்தாங்கள், நான் சீட்டில சீலையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேனில துடிப்பில்லை. திங்கள் பின்னேரம் டி அண்ட் சி, அதுதான் கருப்பையைச் சுத்தப்படுத்துறது, அதைச் செய்து, செவ்வாய் காலமை வீட்டை விட்டிட்டினம். இவர் ஒரு நாள் லீவு போட்டவர், ரெண்டாம் நாள் போகோணும், போயிட்டார். ஒருத்தரும் வரேல்லை பிள்ளை. பக்கத்து வீட்டு மனிசி கீழ உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறா, நானும் சிரிக்கிறன். ஒரு சரக்குத்தண்ணி வச்சுத்தர ஆளில்லை, மூத்தவன் தூக்கு தூக்கு எண்டு நிக்கிறான். வயித்தில பிள்ளை இருக்கெண்டு ஆருக்கும் சொல்லாட்டி, இப்ப இல்லையெண்டு ஆருக்குச் சொல்லுறது?

புதன்கிழமை பின்னேரம் படியில செருப்புச் சத்தம். கிளினிக்குக்கு நான் வரேல்லையெண்டு மிஸ் தேடி வந்திருக்கிறா. கதவைத் திறந்த உடன அவவுக்கு விளங்கியிட்டுது. குடையைச் சுவரில சாத்திப்போட்டு, ஒண்டும் கதைக்காமப் பக்கத்தில இருந்து முதுகைத் தடவினவ. எவ்வளவு நேரம் இருந்தாவோ தெரியாது, மூத்தவன் அவவின்ர பாக்கைக் கிண்டி எடுத்த நிறுக்கிற கொக்கியோட விளையாடிக்கொண்டிருந்தவன். பிறகு ஆஸ்பத்திரித் துண்டைக் கேட்டு வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா, திரும்பவும் பாத்தா. "ஊசி எங்க?" எண்டா. என்ன ஊசி? மனிசி எழும்பிட்டா. என்னைச் சட்டை மாத்தச் சொல்லி, மூத்தவனைத் தானே இடுப்பில தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவவின்ர வேலை நேரம் எப்பவோ முடிஞ்சுது.

அங்க இருந்த நேர்ஸ் என்ன சொன்னது தெரியுமோ? "ரெண்டாவதுதானே, முதல் பிள்ளைக்கும் போட்டிருப்பினம், உங்களுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சம்." எனக்குத் தெரியாது. மூத்தவன் பிறந்தது டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரியில, அங்க நான் கேளாமலே போட்டவை, பிள்ளை பெத்த களைப்பில எத்தினை ஊசி போட்டினம், எது எதுக்கெண்டு ஆர் பாத்தது. நான் ஏற்கெனவே ஒரு பிள்ளை பெத்தவள் எண்டதால எனக்கு எல்லாம் தெரியுமெண்டு எல்லாரும் நினைச்சினம். புதன் இரவு ஊசி போட்டுது. 72 மணித்தியாலத்துக்குள்ள போடோணும், ஒரு நாள் கூட மிச்சமிருக்கேல்லை.

அந்த ஊசிதான் ஆன்டி-டி. உமக்குத் தெரியும்தானே எண்டு நான் சொல்லமாட்டன், முழுக்கச் சொல்லுறன், வாசியும். தாயின்ர இரத்த வகை நெகட்டிவ், பிள்ளையின்ர பொசிட்டிவ் எண்டா, பிள்ளை பிறக்கேக்கயோ கருக் கலையேக்கயோ பிள்ளையின்ர இரத்தம் துளி தாயின்ர இரத்தத்தில கலக்கும். தாயின்ர உடம்பு அதை அந்நியம் எண்டு நினைச்சு எதிர்ப்புச் சக்தி செய்யும். முதல் பிள்ளைக்கு அனேகமா ஒண்டும் நடக்காது, அது அதுக்குள்ள பிறந்திடும். அடுத்த பிள்ளை பொசிட்டிவா வந்தா, அந்த எதிர்ப்புச் சக்தி கொடியால உள்ள போய்ப் பிள்ளையின்ர சிவப்பணுவை உடைக்கும். இரத்தம் வத்தும், மஞ்சளாப் பிறக்கும், கூடினா வயித்துக்குள்ளயே போயிடும். தாயின்ர உடம்பு அதைப் பழகுறதுக்கு முதல் மறிக்கிறதுதான் ஊசியின்ர வேலை. பழகினாப் பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. அது பாவனைக்கு வந்ததே 1968ல.

என்ர அம்மம்மாவுக்கு நாலு பிள்ளை. மூத்தது என்ர அம்மா, நல்ல சுகமாப் பிறந்தவ. பிறகு பிறந்த மூண்டும் மஞ்சள் பூசின மாதிரிப் பிறந்து ரெண்டு மூண்டு நாளில போயிட்டுதுகள். 1940கள், ஊரில ஆர் இரத்தம் சோதிச்சது. தோஷம் எண்டு நூல் கட்டினவை, நல்லது கெட்டதுக்கு அவவை முன்னுக்கு விடமாட்டினம், புதுசாப் பிறந்த பிள்ளையளை அவவின்ர கையில குடுக்கமாட்டினம். சாகுமட்டும் அம்மம்மா தன்ர கண்தான் தன்ர பிள்ளையளைக் கொண்டது எண்டு நம்பினவ. அவவின்ர இரத்தம் என்னெண்டு எனக்கு இனித் தெரியவராது. ஆனா புதன்கிழமை இரவு அந்தக் கட்டிலில படுத்திருக்கேக்க, மிஸ் பாதி சிங்களத்திலயும் பாதி தமிழிலயும் இதெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தேக்க, நான் அழுதது கலைஞ்ச பிள்ளைக்கு மட்டும் இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு இளையவன் பிறந்தவன். பொசிட்டிவ். 3 கிலோ 100. மஞ்சள் ஒரு சொட்டும் இல்லை.

இப்ப உம்மட கடிதத்துக்கு வாறன். மாமி சொன்னது எழுதியிருக்கிறீர், அம்மா சொன்னது எழுதியிருக்கிறீர், லப்டொப் கூட இருக்கு, உம்மட இரத்த வகை இல்லை. மிட்வைஃப் எண்ட சொல்லே இல்லை. எனக்கு வந்த கோவம் உம்மில பாதி, அந்த "தெரியும்தானே" ஆக்களில மீதி. எட்டுக் கிழமைக்கு முதல் மிட்வைஃபிட்டப் பதியோணும். மூத்தவ வயித்தில இருக்கேக்க தந்த எச் 512 கார்ட், அந்தக் கர்ப்பவதி அட்டை, எங்கயோ ஃபைலுக்குள்ள கிடக்கும், இண்டைக்கே தேடி எடும். நெகட்டிவ் எண்டா சிசேரியனுக்குப் பிறகு ஊசி போட்டதோ எண்டு பாரும், போட்டதோ இல்லையோ, அந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில இருக்கோ எண்டு பாக்கிற ஆன்டிபொடி டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளும். ஃபோலிக் அசிட் இன்னும் தொடங்கேல்லையெண்டா இந்தக் கடிதத்தை இடையில விட்டிட்டுப் போய் வாங்கும், பிள்ளையின்ர முதுகுத்தண்டு மூடுறது கரு தங்கி நாலு கிழமைக்குள்ள, மாமியின்ர மூண்டு மாசத்துக்காக அது காத்துக்கொண்டிருக்காது. முதலாவது சிசேரியன் எண்டபடியா ஒரு ஸ்கேன் வேளைக்கே எடுக்கோணும், கரு பழைய தையல் தழும்பில ஒட்டியிருக்கோ இல்லையோ எண்டு பாக்க. இந்த ஸ்கேன் போன முறை உமக்குத் தேவைப்படேல்லை, அப்ப எப்பிடித் தெரியும்?

மிஸ்ஸுக்குப் பிறகு ஆருக்குச் சொல்லுறதெண்டா, கலைஞ்சு போனா ஆர் படியேறி வருவினமோ அவைக்கு. ஒரு சிநேகிதி இருந்தாக் காணும்.

மகள், ஓம், மகளைப் பற்றித்தான் நீர் முதல்ல கேட்டனீர். வெளியாக்கள் சொல்ல முதல் நீரே சொல்லும், மடியில வச்சுக்கொண்டு சொல்லும். மூண்டரை வயசுக்கு இத்தினை மாசம் எண்டா விளங்காது, தீபாவளிக்குக் கிட்ட, பொங்கலுக்குக் கிட்ட எண்டு எது வருதோ அதோட சேத்துச் சொல்லும். "தம்பி வந்தா உன்னை அம்மா பாக்கமாட்டா" எண்டு பகிடிக்குச் சொல்லுற சனம் வரும், அவையை அந்த இடத்திலயே நிப்பாட்டும், மாமியா இருந்தாலும் சரி.

கார்ட்டை எடுத்திட்டு எனக்கு ஒரு வரி எழுதும். நெகட்டிவ் எண்டா இரவெண்டும் பாக்காம எழுதும்.

அன்புடன்,
அன்ரி